உப்பின் ஊரும் உப்புக்குறவரும்: வேதாரண்யத்தை முன்வைத்து நகராட்சி – தொல்குடி உறவு பற்றிய திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நகராட்சிகளுக்கும் நகர்வாழ் தொல்குடியினருக்கும் இடையிலான உறவு தமிழ் ஆய்வுச் சூழலில் மிகக் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. தொல்குடி என்றவுடன் மலையும் வனமும் நினைவுக்கு வருவதால், சமவெளி நகரங்களில் அலைந்து வாழ்ந்த குடிகள் ஆய்வின் பார்வையிலிருந்து விலகிவிடுகின்றன. இக்கட்டுரை காவிரிப் படுகையின் கடைக்கோடியில் உள்ள வேதாரண்யத்தை முன்வைத்து, பக்திப் பதிகம், காலனிய இனவரைவியல், சீர்மரபினர் பட்டியல், நகர்ப்புறச் சட்டங்கள் ஆகிய நான்கு வகைப் பனுவல்களை ஒருசேர வாசிக்கிறது. அலைவு வாழ்க்கை முதலில் குற்றமாகவும், பின்னர் மாவட்ட எல்லைக்கு உட்பட்ட தகுதியாகவும், இறுதியில் முகவரியின்மையாகவும் எழுதப்பட்டது என்பது இவ்வாசிப்பின் முடிவு.

திறவுச்சொற்கள்: வேதாரண்யம், உப்புக்குறவர், சீர்மரபினர், நகராட்சி, நகர்வாழ் தொல்குடி, அலைவு வாழ்க்கை

1. முன்னுரை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் பழங்குடியினர் ஏறத்தாழ 1.1 விழுக்காட்டினர். நீலகிரி, சேர்வராயன், கல்வராயன், சவ்வாது மலை என்றே இவர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அமைகின்றன. நெல் விளையும் தஞ்சை வட்டாரம் வேளாண் சாதிகளின் நிலமாகவும் கோயில்களின் நிலமாகவுமே எழுதப்படுகிறது. இவ்வட்டாரத்தில் தொல்குடிகள் இல்லை என்ற எண்ணம் இதன் விளைவு. அந்த எண்ணம் சரியா என்று கேட்பதற்கு ஏற்ற இடம் வேதாரண்யம். காடும் சதுப்பும் உப்பளமும் கடலும் ஓரிடத்தில் கூடும் நகராட்சி அது.

‘தொல்குடி’ என்ற சொல் இங்கு அரசமைப்பின் பழங்குடிப் பட்டியலில் உள்ளோரை மட்டும் குறிக்கவில்லை. நிலையான வேளாண் குடியிருப்புக்கு வெளியே, வேட்டை, கூடை முடைதல், சுமை வணிகம் முதலிய தொழில்களால் வாழ்ந்து, அந்த வாழ்முறையின் பெயராலேயே அரசால் தனித்து வகைப்படுத்தப்பட்ட குடிகளையும் அது உள்ளடக்குகிறது. தொல்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் அவையின் 2007ஆம் ஆண்டுப் பிரகடனத்துக்கு ஆதரவாக இந்தியா வாக்களித்தது. ஆயினும் இந்தியர் அனைவரும் தொல்குடியினரே என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. எனவே இந்நாட்டில் யார் தொல்குடி என்ற வினாவுக்கு விடை பட்டியல்களிலேயே தேடப்படுகிறது. பட்டியல் ஒரு பனுவல். அதையும் இலக்கியத்தைப் போலவே திறனாய்வுக்கு உட்படுத்தலாம்.

2. துணையாக எண்ணப்படாதவர்

வேதாரண்யத்தின் தமிழ்ப் பெயர் மறைக்காடு. வேதம், ஆரணியம் என்ற வடசொற்கள் மறை, காடு என்பவற்றின் நேர்ப் பெயர்ப்பு. ஊரின் பெயரிலேயே காடு இருக்கிறது. அவ்வூரை அடுத்த கோடிக்கரையில் இன்றும் அக்காடு வனவிலங்குச் சரணாலயமாக எஞ்சியுள்ளது.

ஏழாம் திருமுறையில் சுந்தரர் கோடிக்குழகர் மீது பாடிய பதிகம் இந்நிலத்தைப் பற்றிய பழைய இலக்கியப் பதிவுகளுள் ஒன்று. கடற்காற்று வீசும் கரையில் இறைவன் துணையின்றித் தனித்திருப்பதைக் கண்டு புலவர் மனம் கலங்குவது அதன் மையம். காட்டின் அடர்த்தி, மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறும் ஒலி ஆகியவற்றோடு, அங்குத் திரியும் வேட்டைத் தொழிலோர் மிகவும் தீயவர் என்ற குறிப்பும் அதில் வருகிறது. கரையில் மனிதர் இருக்கின்றனர். ஆனால் இறைவனுக்குத் துணை இல்லை. அம்மனிதர்கள் துணை என்ற கணக்கில் வருவதில்லை. அம்மையை அஞ்சச் செய்யும் ஆந்தையோடும் கூகையோடும் அவர்கள் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றனர்.

ஒரு பக்திப் பாடலின் உணர்வு மிகுதியை நிருவாகக் கொள்கையாகக் கொள்வது பிழை. இறைவனின் தனிமையை மிகுவிக்கவே புலவர் அந்நிலத்தின் கொடுமையைப் பெருக்குகிறார். மேலும், கண்ணப்பரைக் கொண்டாடிய மரபும் சைவ மரபே. எனினும் இப்பதிகம் ஒரு பார்வை முறையைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்வோர் அதன் குடிகளாக எண்ணப்படாமல், அதன் இடர்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றனர். பின்வந்த அரசு ஆவணங்களில் இப்பார்வை சட்டத்தின் மொழியைப் பெற்றது.

3. உப்பைச் சுமந்தவர்கள்

வேதாரண்யத்தின் பொது நினைவில் உப்பு என்றால் 1930. ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் புறப்பட்டனர். ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் அடைந்தனர். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினர். சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் பங்கும், காவலருக்கு முகம் மழிக்க மறுத்த நாவிதர் வைரப்பனின் எதிர்ப்பும் இன்றும் ஊரில் போற்றப்படுகின்றன. எளிய தொழிலாளி ஒருவரையும் நினைவில் வைத்திருக்கும் ஊர் என்ற வகையில் இது பெருமைக்குரியது.

ஆனால் உப்பு வரியின் வரலாறு பெரும்பாலும் நுகர்வோரின் சுமையாகவே சொல்லப்படுகிறது. உப்பை உண்டவர் அறியப்பட்டனர். காய்ச்சியவர் ஓரளவு அறியப்பட்டனர். சுமந்து சென்றவர் அறியப்படவில்லை. உப்பின் பயணம் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. உமணரின் வண்டிகளும், நெல்லுக்கு ஈடாக உப்பு விற்கும் மகளிரும் அகநானூற்றில் இடம்பெறுகின்றனர். உமணருக்கும் பிற்காலக் குறவருக்கும் குருதித் தொடர்பு கற்பிக்கச் சான்றில்லை. கடற்கரை உப்பையும் உள்நாட்டுத் தானியத்தையும் இணைத்த சுமை வணிகம் நீண்ட காலம் ஒரு தொழிலாகவே மதிக்கப்பட்டது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

சென்னை மாகாணத்தில் இவ்வணிகத்தில் ஈடுபட்டோருள் குறவருள் ஒரு பிரிவினர் முக்கியமானவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் கொண்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூல், குறவரின் உட்பிரிவுகளைக் குறிக்கையில் உப்பு, கறிவேப்பிலை, மூங்கில் எனப் பொருள்களின் பெயரால் அமைந்த பிரிவுகளைப் பதிவு செய்கிறது. உப்புக்குறவர் என்பது ஒரு வணிகப் பெயர். அதில் குற்றம் இல்லை, மலை இல்லை, காடும் இல்லை. கடற்கரைச் சரக்கு ஒன்றே இருக்கிறது.

இக்குறவரையும் நரிக்குறவரையும் ஒன்றாகக் கொள்ளும் வழக்கம் தவறானது. நரிக்குறவர் மொழியாலும் வரலாற்றாலும் வேறான மக்கள். அப்பெயரில் ‘குறவர்’ என்ற சொல் இடம்பெறுவதற்குக் குறவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தும் வந்துள்ளன. இருவருக்கும் பொதுவாக இருப்பது, நகரத்தின் தெருவில் அவர்கள் நடத்தப்படும் முறை.

4. தொழிலிலிருந்து குற்றத்துக்கு

மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட குற்றப் பழங்குடிகள் பற்றிய நூல், குறவரின் வீழ்ச்சியை அரசின் பொருளாதாரக் கொள்கையோடு பொருத்திக் காட்டியது. ஆங்கிலேயர் 1805இல் சென்னை மாகாண உப்பைத் தம் தனியுரிமையாக்கினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருப்புப் பாதைகள் பரவியபோது, எருதும் கழுதையும் சுமந்த சரக்கு தொடர்வண்டிக்கு மாறியது. வனச் சட்டங்கள் மேய்ச்சலையும் மூங்கிலையும் கட்டுப்படுத்தின. பஞ்சங்கள் எஞ்சியதையும் குலைத்தன. தொழில் இழந்து அலைந்தவர்கள் அலைவதாலேயே ஐயத்துக்கு உள்ளாயினர். அவருடைய வாதத்தின் வலிமை காரணத்தையும் விளைவையும் சரியான வரிசையில் நிறுத்தியதில் இருக்கிறது. காலனிய நூல்கள் குறவரின் அலைவைப் பிறவிக் குணமாக எழுதின; அந்த அலைவை வணிகமாகக் கண்டால் கதை முழுவதும் மாறிவிடுகிறது.

அந்நூல்களை எழுதியவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. 1892இல் குற்ற வகுப்பினர் பற்றிய குறிப்புகளை எழுதிய முல்லாலி ஒரு காவல் அதிகாரி. 1900இல் இருப்புப்பாதைத் திருடர் வரலாற்றை எழுதிய பாப்பாராவ் நாயுடுவும் காவல்துறையைச் சேர்ந்தவர். குறவரின் வணிகத்தைக் குலைத்த இருப்புப்பாதை, அவர்களைத் திருடராக எழுதும் நூலின் களமாகவும் ஆயிற்று.

1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் திருத்தி இயற்றப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அறிவிக்கப்பட்ட குடியினர் இருப்பிடத்தைத் தெரிவிக்கவும், அனுமதியுடன் வெளியூர் செல்லவும், குறித்த வேளையில் ஆஜராகவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 1952இல் ஒழிந்தது. இடையில், 1948இல், வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. குடியின் பெயர் சட்டத்திலிருந்து நீங்கிய பின்னும், ஊர்விட்டு ஊர் செல்வோரைக் காவல் கண்ணோடு பார்க்கும் பழக்கம் நீங்கவில்லை.

5. மாவட்ட எல்லைக்குள் அடைபட்ட பெயர்

விடுதலைக்குப் பின் இக்குடிகள் சீர்மரபினர் ஆயினர். தமிழ்நாட்டில் 1979இல் ‘பழங்குடி’ என்ற சொல் நீக்கப்பட்டு, அவர்கள் ‘சீர்மரபு வகுப்பினர்’ என்று அழைக்கப்பட்டனர். நீண்ட கோரிக்கைக்குப் பின் 2019இல், ஒன்றிய அரசின் நலன்களுக்காக மட்டும் ‘சீர்மரபுப் பழங்குடி’ என்ற பெயரிலும் சான்று பெற வழி செய்யப்பட்டது. அப்போது ஒரே குடும்பம் மாநிலத்துக்கு வகுப்பாகவும் ஒன்றியத்துக்குப் பழங்குடியாகவும் நின்றது.

இதைவிட ஆழ்ந்து நோக்க வேண்டியது, பட்டியலில் பெயர்களை அடுத்து அடைப்புக்குறிக்குள் வரும் மாவட்டங்கள். உப்புக்குறவர் என்ற பெயர் மாநிலம் முழுவதற்கும் உரியதன்று. தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், புதுக்கோட்டை முதலான சில மாவட்டங்களுக்கு மட்டுமே அது உரியது. வேதாரண்யம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் அடங்குவதால், உப்பின் ஊர் அமைந்த மாவட்டத்தில் உப்பின் பெயர் தாங்கிய குடி அரசு ஆவணத்தில் இன்றும் உள்ளது. இவ்வட்டாரத்தில் தொல்குடி இல்லை என்ற எண்ணத்துக்கு இந்த ஒரு வரியே மறுப்பு.

அதே வரி ஒரு முரணையும் கொண்டுள்ளது. உப்பு வணிகம் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே நடந்த பயணம். அப்பயணத்தால் பெயர் பெற்ற குடியின் தகுதி, மாவட்டக் கோட்டோடு நின்றுவிடுகிறது. 1991இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினமும், 1997இல் நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. நிருவாக வசதிக்காகக் கோடுகள் நகரும்போது, மக்களின் தகுதி அக்கோடுகளைப் பின்தொடர வேண்டியதாகிறது. பட்டியலில் இல்லாத மாவட்டத்துக்குப் பிழைக்கச் சென்றவர், அங்குத் தம் சாதியை நிறுவுவதில் இடர்ப்படுவர். நகர விடாமல் தடுத்த பழைய சட்டமும், நகர்ந்தால் தகுதி குறையும் புதிய பட்டியலும் நோக்கத்தில் முற்றிலும் வேறானவை. முன்னது தண்டனை, பின்னது நலன். ஆயினும் ஓரிடத்தில் இருப்பவரையே இரண்டும் அறிகின்றன.

நரிக்குறவர் நிலையும் இதோடு ஒப்பிடத்தக்கது. 2008இல் அவர்களுக்கு நலவாரியம் அமைந்தது. நரிக்குறவன், குருவிக்காரன் சமூகத்தினரைப் பட்டியல் பழங்குடியில் சேர்க்கும் சட்டம் 2022 திசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தகுதி கிடைத்துவிட்டது. நகர மன்றத்தில் குரல் கிடைத்ததா என்பது வேறு வினா.

6. நகராட்சி எதை அறிகிறது?

நகராட்சியைக் குறைகூறுமுன் அதன் வரம்பை ஒப்புக்கொள்ள வேண்டும். சாதிச் சான்று வழங்குவது வருவாய்த்துறை. புறம்போக்கு நிலத்தில் ஆக்கிரமிப்பை அகற்றுவது 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரும்பாலும் அதே துறையின் பணி. வீட்டுத் திட்டங்களுக்குத் தனி வாரியம் உண்டு. 2011இல் ஏறத்தாழ 34 ஆயிரம் மக்கள் வாழ்ந்த வேதாரண்யம் போன்ற சிறு நகராட்சியிடம் பெரிய அதிகாரங்களை எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

ஆனால் அதன் கையில் இருப்பவை அலைந்து வாழ்வோர்க்கு உயிர்நிலையானவை: பேருந்து நிலையம், சந்தை, தெருவோரம், குடிநீர், பொதுக் கழிப்பறை, இடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு. 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்ட பின், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் நிறுவும் அடிப்படை ஆவணமாகப் பிறப்புச் சான்று ஆகிவிட்டது. அதனால் ஒரு மனிதரின் முதல் ஆவணம் எழுதப்படும் மேசைகளுள் நகராட்சியின் மேசையும் ஒன்று. வருவாய்த்துறையிடம் பிற்பாடு எழும் ஐயங்களுள் பல, அம்மேசையில் எழுதப்படாது போனவற்றால் எழக்கூடியவை.

மக்களாட்சிப் பங்கேற்பை நோக்கினால் இடைவெளி இன்னும் தெளிவாகிறது. அரசமைப்பின் 243-தி பிரிவு நகராட்சிகளில் பட்டியல் பழங்குடியினர்க்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களை ஒதுக்குகிறது. 20 வார்டுகள் கொண்ட ஒரு மன்றத்தில் ஓர் இடம் 5 விழுக்காட்டுக்குச் சமம். மாநிலச் சராசரியே 1.1 விழுக்காடாக இருக்கும்போது, சமவெளியின் சிறு நகரங்களில் விகிதக் கணக்கு பொதுவாகச் சுழியிலேயே முடியும். சீர்மரபினர்க்கு அவ்விகிதக் கணக்கும் இல்லை. அப்பிரிவு அவர்களைக் குறிப்பிடவில்லை. விகிதம் என்ற நேர்மையான அளவுகோல், சிறு எண்ணிக்கையினர் திறத்தில் அவர்களை முற்றிலும் விலக்கும் கருவியாகிவிடுகிறது.

வார்டுக் குழுக்களை அரசமைப்பின் 243-எஸ் பிரிவு மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கே கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2022இல் வார்டுக் குழு, பகுதி சபை விதிகளை இயற்றி அவ்வரம்பைத் தாண்டிச் சென்றது பாராட்டத்தக்கது. ஆயினும் பகுதி சபை வாக்காளர் பட்டியலைச் சார்ந்தது. வாக்காளர் பட்டியல் முகவரியைச் சார்ந்தது. கூடாரத்துக்குக் கதவிலக்கம் இல்லை.

தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம், 2014, இவ்வகையில் விதிவிலக்கான பனுவல். ஓரிடத்தில் அமர்ந்து விற்போரோடு சுற்றித் திரிந்து விற்போரையும் அது வணிகராக ஏற்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டு இடம் வணிகர்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு உரியது; அதில் பட்டியல் பழங்குடியினர்க்கு உரிய இடம் தர வேண்டும் என்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கப்படும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நூறாண்டுக்கு முன் அலைந்து விற்றவரைக் குற்றவாளியாக்கிய அரசு, இச்சட்டத்தில்தான் அவரை முதன்முறையாக அத்தொழிலின் பெயராலேயே உரிமையாளராக ஏற்கிறது. இதன் குறைகளும் கருதத்தக்கவை. இருப்புப்பாதைத் துறையின் நிலத்துக்கு இது பொருந்தாது. பாசிமணி விற்போர் பெரிதும் நம்பியிருக்கும் இடங்களுள் நிலையங்கள் முதன்மையானவை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கணக்கும், அந்நாளில் ஊரில் இருப்போரையே எண்ணும். திருவிழாக் காலங்களில் மட்டும் வருவோர் விடுபடுவர்.

7. பிற நகரங்களின் படிப்பினை

ஒரு சமூகத்தின் குரல் அமைப்பின் வழியாக எழாதபோது, அது நிகழ்ச்சியின் வழியாக எழுகிறது. 2021இல் மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானத்தில் தமக்கு நேர்ந்த அவமதிப்பை நரிக்குறவப் பெண் ஒருவர் பேசிய காணொளி பரவியது. அவ்வாண்டு நவம்பர் 4 அன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றும் வழங்கினார். அச்செயலின் மதிப்பு பெரிது. ஆனால் ஓர் ஊரின் உள்ளாட்சியில் ஒலிக்க வேண்டிய குரல், மாநிலத்தின் தலைமை நேரில் வந்தால்தான் கேட்கும் என்றால், உள்ளாட்சியின் செவி எங்கே என்ற வினா எஞ்சுகிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து இவ்வினாவுக்கு ஒரு விடை முயன்றது. மாநகரம் மறுசீரமைக்கப்பட்டபோது, 2009இல் அரச ஆணையம் மாவோரியர்க்குத் தனி மன்ற இடங்களைப் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. மாற்றாக, 2010இல் சட்டவழி அமைந்த மாவோரி வாரியம் ஒன்று உருவானது. அதன் ஒன்பது உறுப்பினருள் ஏழு பேர் அந்நிலத்துக்கு உரிய குடிகளைச் சேர்ந்தோர். இருவர் வேறிடங்களிலிருந்து வந்து நகரில் வாழும் மாவோரியர். மன்றத்தின் சில குழுக்களில் இவ்வாரியத்தின் பிரதிநிதிகள் வாக்குரிமையுடன் அமர்கின்றனர். மன்ற இடம் மறுக்கப்பட்டதன் ஈடுகட்டலே இது என்ற குறை உண்டு. ஆயினும் ‘இந்நிலத்தார்’, ‘வந்து வாழ்வோர்’ என்ற இரு உண்மைகளையும் ஒரே அமைப்பு ஏற்றது முக்கியமானது. கனடாவின் வான்கூவர் 2014இல், தான் எழுந்து நிற்பது தொல்குடியினர் விட்டுக்கொடுக்காத நிலம் என்று மன்றத் தீர்மானத்தாலேயே ஒப்புக்கொண்டது.

இவற்றை வேதாரண்யத்துக்கு அப்படியே பெயர்த்து நடுவது பொருந்தாது. அங்குள்ள உடன்படிக்கை வரலாறு இங்கில்லை. இங்குள்ள சாதியடுக்கு அங்கில்லை. பெறத்தக்க பாடம் ஒன்றே: எண்ணிக்கை இடம் தராதபோது, சட்டம் இடம் தரலாம்.

8. முடிவுரை

பதிகம் இந்நிலத்தில் வாழ்ந்தோரைத் துணையாக எண்ணவில்லை. காலனிய நூல்கள் அவர்களின் தொழிலைக் குற்றமாக எழுதின. பட்டியல் அவர்களின் பெயரைக் காத்தது. ஆனால் மாவட்டத்துக்குள் அடைத்தது. நகராட்சிச் சட்டங்கள் அவர்களைப் பகையாகக் கருதவில்லை. முகவரி கேட்டன, அவ்வளவே. நான்கு பனுவல்களும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு நோக்கத்தவை. நகரும் மனிதரை அந்த ஊரின் மனிதராகக் காண இயலாமை அவற்றின் பொதுக் குறை.

இதிலிருந்து மூன்று செயல்கள் பெறப்படுகின்றன. சீர்மரபினர் பட்டியலில் உள்ள மாவட்ட வரம்பு, குறைந்தது அலைதொழிலால் பெயர் பெற்ற குடிகளுக்கேனும், நீக்கப்பட வேண்டும். நகர விற்பனைக் குழுக்களிலும் பகுதி சபைகளிலும் மக்கள்தொகை விகிதத்தைச் சாராத ஓர் இடம் இக்குடிகளுக்கு விதிகளின் வழி உறுதிசெய்யப்பட வேண்டும். கணக்கெடுப்பு திருவிழாக் காலத்திலும் நடத்தப்பட வேண்டும். பிறப்புப் பதிவு, கூடாரங்களைத் தேடிச் செல்லும் பணியாக மாற வேண்டும். முதலாவது மாநில அரசின் ஆணையால் ஆவது. இரண்டாவது விதித் திருத்தத்தால் ஆவது. மூன்றாவது நகராட்சி நாளையே தொடங்கத்தக்கது.

2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டிக்கும் அகஸ்தியம்பள்ளிக்கும் இடையே அகலப் பாதையில் தொடர்வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியபோது, உப்பு ஏற்றிச் செல்லும் வசதி அதன் பயன்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. உப்பு வேதாரண்யத்தை விட்டு எப்போதும் பயணம் செய்தே வந்துள்ளது. அதை முன்பு சுமந்தவர்களின் பெயர் அரசின் பட்டியலில் இருக்கிறது. உப்பின் ஊருடைய வரலாற்றிலும் அது எழுதப்பட வேண்டும்.